பலூன் வெளி மிஸி

சீனன்குடாச் சந்தியில் மருத்துவிச்சியாக இருந்த, எல்லோரும் மிஸி என்றே கூப்பிட்ட புஸ்பராணிக்கு அந்தப் பக்கத்து ஆண்களின் முகங்களைவிட முதுகுகள்தான் நன்றாகத் தெரியும். மனைவிக்கு வயிற்றுக்குத்து எடுத்ததும் புருசன்காரன் சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்து வருவான். அவள் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின் கரியரில் ஒருபக்கமாக ஏறி உட்காருவாள். பிறகு வழி முழுக்க, வியர்வையில் நனைந்த ஒரு சட்டையும் அதற்கப்பால் நகர்ந்துபோகும் மரங்களும்தான். அந்த ஆட்டத்தில் அவளுக்குக் கண் திறந்தபடியே கனவு வரும். தான் தண்ணீரில் மிதந்து போவதுபோலவும், கரையில் மரங்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோலவும் இருக்கும். "மிஸி, வீடு வந்திட்டுது" என்று யாராவது சொன்ன பிறகுதான் கால் தரையில் படும்.

சொந்த ஊர் திரியாய். கொழும்பில் பயிற்சி முடித்து, இரண்டொரு இடங்களில் வேலை பார்த்துவிட்டு, ஐம்பத்தொன்பதாம் ஆண்டில் இங்கே வந்தாள். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கலியாணம் பேசிப் பேசி நின்றுபோய்விட்டது. அதைப் பற்றி ஊரில் அண்ணன் சின்னராசா கவலைப்பட்ட அளவுக்கு அவள் கவலைப்படவில்லை. வேலை பார்த்த டிஸ்பென்சரியின் ஒரு பக்கத்தில் ஓர் அறையும் குசினியும் அவளுக்குத் தரப்பட்டிருந்தன. ஜன்னலைத் திறந்தால் கடற்படை வீதி. அதற்கு அப்பால் பலூன் வெளி.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் அந்த வீதியை அகலப்படுத்தினான். எண்ணெய்த் தாங்கிகளிலிருந்து துறைமுகத்துக்கு லொறிகள் ஓட வேண்டும் என்று, வீதியின் கடற்பக்கத்துக் காட்டை வெட்டி நீள நெடுகக் கிரவல் கல் பரப்பினான். ஜப்பான்காரனின் விமானங்கள் தாழப் பறக்காமலிருக்க அங்கே வெள்ளி நிறத்தில் பெரும் பலூன்களைக் கம்பியில் கட்டி மேலே விட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் பலூன்கள் போயின. பிறகு வெள்ளைக்காரனும் போனான். கம்பி கட்டிய இரும்பு வளையங்கள் மட்டும் சீமெந்துக் கட்டிகளில் துருப்பிடித்துக் கிடந்தன. வீதிக்குரிய காணி என்பதால் ஒருவரும் அதில் குடிசை போடவில்லை. கிரவல் என்பதால் ஒருவரும் கொத்திப் பயிர் வைக்கவுமில்லை. உடைந்த பானைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். வீதியால் போகிற எவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஜன்னலுக்கு நேரே கிடந்தும் புஸ்பராணியும் அதைக் கவனித்ததில்லை, பக்கத்து ஊரான வெள்ளைமணலைச் சேர்ந்த றஹ்மாவுக்குப் பிள்ளை பிறந்த அந்தக் காலை வரைக்கும்.

றஹ்மாவின் புருசன் கடலுக்குப் போயிருந்தான். மாமியார் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து மருமகளை ஏற்றிக்கொண்டு வர, லொறிக்கு ஒதுங்கி இறங்கிய இடத்தில், பலூன் வெளியின் நடுவில், வண்டியின் அச்சு முறிந்துவிட்டது. வண்டிக்காரன் ஓடிவந்து சொன்னான். கூட்டிப்போகச் சைக்கிள் இல்லை. புஸ்பராணி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், மூச்சு வாங்க நடந்தாள், மறுபடியும் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது றஹ்மாவைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். தலை தெரிந்துவிட்டது. இரத்தம் கொஞ்சம் கூடுதலாகவே போயிருந்தது.

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. இரத்தமும் ஒருவாறு நின்றது. வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் புஸ்பராணி அந்த இடத்தைப் பார்த்தாள். துறைமுகத்திலிருந்து எழுந்த பனி கண்டல் மரங்களைத் தாண்டி வந்து வெளி முழுக்கப் பரவியிருந்தது. வெயில் அதற்குள் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே வீதி; லொறிகள் போகிற சத்தம் கேட்கிறது, ஆனால் வேறு ஏதோ ஊரில் போவதுபோல. றஹ்மா கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"மிஸி, இது எந்த இடம்? வீட்டைவிடக் குளிர்ச்சியாக் கிடக்கு."

"பலூன் வெளி, தங்கச்சி. இவ்வளவு காலமும் சும்மா கிடந்த இடம்."

அன்றைக்கு முழுக்க அவளுக்கு இரண்டு எண்ணங்கள் மாறி மாறி வந்தன. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் றஹ்மா போயிருப்பாள் என்பது ஒன்று. அந்தப் பனி வெளியில் ஆரவாரமில்லாமல் சறுக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்பது மற்றது. இரண்டும் சேர்ந்து அவளைச் சந்தியிலிருந்த சரீபின் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய் விட்டன.

சரீப் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கடையின் மூலையில், கடற்படை அதிகாரி ஒருவரின் மனைவி விட்டுப்போன பொம்பிளைச் சைக்கிள் ஒன்று தூசி படிந்து நின்றது.

"சரீப் காக்கா, அந்தச் சைக்கிள் ஓடுமோ?"

"ஓடும் மிஸி. யாருக்கு?"

"எனக்குத்தான்."

சரீப் கையிலிருந்த ரியூப்பைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. "றோட்டில பழக ஏலாது மிஸி. லொறியும் பெடியன்மாரும் விடமாட்டானுகள். விடியக்காலைல பலூன் வெளிக்குக் கொண்டுபோங்க. ஆனா நான் பிடிச்சுவிட வாறது அழகில்ல. வீட்டில கேட்டுப் பாக்கிறன்."

வீட்டில் என்று அவர் சொன்னது மனைவி ஸல்ஹாவை. மறுநாள் விடிந்ததும் ஸல்ஹா முக்காட்டை இறுக்கிக்கொண்டு வந்து நின்றாள். மெல்லிய உடம்பு, புஸ்பராணியின் வயதுதான் இருக்கும். அவளுக்கும் சைக்கிள் ஓடத் தெரியாது. ஆனால் சைக்கிள்காரனின் மனைவி என்பதால், ஓடத் தெரியாதவர்கள் எப்படி விழுவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சீற்றைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "நேரா பாருங்க மிஸி, கீழ பாக்காதீங்க" என்று சொல்லியபடி ஓடிவந்தாள். புஸ்பராணி விழுந்தாள். எழும்பினாள். சேலைக்கரை செயினில் மாட்டிக் கிழிந்தது. முழங்கால் தோல் உரிந்தது. டிஸ்பென்சரியில் அதற்கு அவளே மருந்து போட்டுக்கொண்டாள்.

பல காலைகளுக்குப் பிறகு ஒரு நாள், பின்னாலிருந்து குரல் கேட்கவில்லை. ஸல்ஹா எப்போதோ கையை விட்டுவிட்டாள். புஸ்பராணி திரும்பிப் பார்க்காமல் போனாள். பனி முகத்தில் ஈரமாகப் பட்டது. எந்த முதுகும் முன்னால் இல்லை. கண்டல் ஓரத்திலிருந்து கொக்குகள் எழும்பி அவளோடு கொஞ்சத் தூரம் வந்தன. அல்லது வந்ததுபோல அவளுக்குத் தோன்றியது. வெளி முடிகிற இடம் வந்தபோது நிற்பாட்டுவது எப்படி என்று தெரியாமல் எருக்கலம் பற்றைக்குள் போய் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே சிரித்தாள். ஸல்ஹா ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கினாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ரகசியம்போலக் கேட்டாள்:

"மிஸி, நானும் ஒருக்கா ஏறிப் பாக்கட்டா?"

அப்படித்தான் அது தொடங்கியது. புஸ்பராணி சைக்கிளில் போய்ப் பிள்ளைப்பேறு பார்க்க ஆரம்பித்தாள். ஸல்ஹா அவளைவிட நன்றாக ஓடினாள். ஸல்ஹாவைப் பார்த்து அவளுடைய மச்சாள்மார் வந்தார்கள். உடம்பு தேறிய றஹ்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெள்ளைமணலிலிருந்து நடந்து வந்தாள். எண்ணெய்த் தாங்கி லைன் வீடுகளில் குடியிருந்த தமிழ்ப் பெண்களும் வந்தார்கள். எல்லோரும் சைக்கிள் ஓட வரவில்லை. சிலர் பின்னேரத்தில் சும்மா காலை நீட்டிக்கொண்டு காற்று வாங்க வந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளை நடக்கச் சொன்னால் எங்கே நடப்பது என்று கேட்பார்கள். புஸ்பராணி அவர்களைப் பலூன் வெளிக்கு அனுப்பினாள். பிறகு, அவர்கள்தான் அங்கே போகிறார்களே என்று தராசையும் மருந்துப் பெட்டியையும் தானே தூக்கிக்கொண்டு வந்து அங்கேயே வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். சரீப் பழைய சாக்குகளைத் தைத்து, வளையங்களில் கயிறு கட்டி, வீதிப் பக்கத்துக்கு மறைப்பு விட்டார். சாக்கு காற்றில் கிழிந்துகொண்டேயிருந்தது. பெண்கள் கிளுவைத் தடிகளை வெட்டிக்கொண்டு வந்து வரிசையாக நட்டார்கள். மாரி மழையில் தடிகள் துளிர்த்தன.

அந்தப் பின்னேரங்களைப் பற்றிப் புஸ்பராணிக்குப் பின்னாளில் தெளிவாக எதுவும் சொல்ல வராது. வேலிக்கு இந்தப் பக்கம் சைக்கிள் ஒன்று மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். யாரோ ஒருத்தி தன் மாமியாரைப் போலப் பேசிக் காட்டுவாள். துறைமுகத்துத் தண்ணீர் ஈயம்போல மங்கி, பிறகு செம்பாகி, பிறகு கறுத்துப்போகும். வீட்டில் ஒருவரோடும் வாய் திறக்காத பெண்கள் அங்கே பாட்டுப் பாடினார்கள்.

எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. வெள்ளைமணலில் பலசரக்குக் கடை வைத்திருந்த அபூதாஹிர், பொம்பிளைகள் ஆம்பிளைச் சவாரி செய்கிறார்கள் என்று கடை வாசலில் வைத்துக் கதைத்தார். கதையோடு நிற்காமல், வீதிக் காணியில் வேலி போட்டிருக்கிறார்கள் என்று வீதி இலாகாவுக்கும் அறிவித்தார். வீதி வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் அருளம்பலம் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கிளுவை வேலியைப் பார்த்தபடியே கதைத்தார். புஸ்பராணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மிஸி, இது றோட்டுக்கு விட்ட காணி. இதில ஒண்டும் வைக்க ஏலாது."

"நாங்கள் ஒண்டும் வைக்கேல்ல ஐயா. வாறம், இருக்கிறம், போறம்."

"வேலி இருக்கே."

"ஐயா, றோட்டு எப்பவாவது இந்தப் பக்கம் வருமோ?"

"வந்தாலும் வரும், வராமலும் விடும். எனக்கு மேல இடத்திலயிருந்து சொல்லுகினம். நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ."

அவர் கெட்ட மனிதரல்ல. ஆனால் அடுத்த கிழமை கூலியாட்கள் வந்து கிளுவையை வெட்டிச் சாய்த்தார்கள். வீதி திருத்துவதற்கான தார்ப் பீப்பாக்களை லொறியில் கொண்டுவந்து வெளியெங்கும் அடுக்கினார்கள். பெண்கள் வருவது நின்றது. புஸ்பராணி மட்டும் விடியற்காலையில் சில நாள் போய்ப் பார்த்தாள். பனி முன்புபோலவே வந்தது. தார் மணந்தது. பீப்பாக்களுக்கு நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அந்த வருசக் கடைசியில் புயல் வந்தது. அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலை அனுபவித்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. அனுபவிக்காதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. விடிந்து காற்று அடங்கியபோது டிஸ்பென்சரியின் பாதிக் கூரையைக் காணவில்லை. வீதியோரம் நின்ற பெரிய வாகை மரங்கள் எல்லாம் வேரோடு புரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக வீதியை அடைத்துக்கிடந்தன. லொறி என்ன, ஓர் ஆடுகூட அதைக் கடக்க முடியாது.

சேற்றில் குளித்தவன்போல ஒருவன் மரங்களுக்குள்ளால் தவழ்ந்து வந்து சேர்ந்தான். அபூதாஹிரின் மகன். "மிஸி, ரபீக்காவுக்கு நோ எடுத்திட்டு. வீடு விழுந்திட்டு" என்று மட்டும் சொன்னான். அங்கேயே குந்திவிட்டான். ரபீக்கா அவன் மனைவி. தலைப்பிரசவம்.

புஸ்பராணி சைக்கிளை எடுத்தாள். ஆனால் எந்த வழியால் போவது? ஸல்ஹா தன் வீட்டு இடிபாட்டுக்குள்ளிருந்து, கடைச் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முக்காடு நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது.

"வெளியால போவம் மிஸி" என்றாள். "அதில விழுறதுக்கு ஒரு மரமும் இல்ல."

உண்மைதான். பலூன் வெளி வெறுமையாகக் கிடந்தது. தார்ப் பீப்பாக்களைக் காற்று உருட்டிக்கொண்டுபோய்க் கண்டலுக்குள் தள்ளியிருந்தது. கிரவல் தரை என்பதால் சேறும் இல்லை. அங்கங்கே தண்ணீர் தேங்கி, கழுவிவிட்ட வானம் அதில் கிடந்தது. இரண்டு பெண்களும் அந்த வானத்தைக் கிழித்துக்கொண்டு போனார்கள். வீதிப் பக்கம் முழுக்க முறிந்த கிளைகளின் பச்சை வாசம். எங்கும் மனித சத்தம் இல்லை. உலகம் முடிந்த பிறகு மிச்சமிருந்த ஒரே பாதை இதுதான் என்று புஸ்பராணி நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்குப் பயம் வரவில்லை. கால்கள் தாமாக மிதித்தன.

அபூதாஹிரின் வீட்டில் ஒரு சுவர்தான் நின்றது. சுவரோரம், பெரிய மேசையின் கீழே பாய் விரித்து ரபீக்காவைப் படுக்கவைத்திருந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தது. புஸ்பராணி மேசைக்குக் கீழே புகுந்து, மதியம் திரும்பும் வரைக்கும் பாடுபட்டாள். ஸல்ஹா ரபீக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓதிக்கொண்டேயிருந்தாள். ஆண் பிள்ளை; முதலில் அழவில்லை, முதுகில் தட்டிய பிறகு அழுதது. வெளியே உடைந்த ஓடுகளின் மேல் உட்கார்ந்திருந்த அபூதாஹிர் அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்தார். திரும்பவும் உட்கார்ந்துவிட்டார்.

வீடு இழந்த வெள்ளைமணல்காரர் பலூன் வெளியில் வந்து தங்கினார்கள். பாய்மரத் துணிகளையும் தகரங்களையும் வளையங்களில் கட்டிக் கூடாரம் போட்டார்கள். வீதியை வெட்டித் திறக்கும்வரை வெள்ளைமணலுக்கும் அதற்கப்பால் கிண்ணியாப் பக்கத்துக்கும் அரிசியும் மருந்தும் அந்த வெளியால்தான் போயின, பெரும்பாலும் சைக்கிள்களில், அவற்றில் சிலவற்றைப் பெண்கள் ஓட்டினார்கள். யாரும் அதைப் பார்த்து நின்று சிரிக்கவில்லை. அதற்கு அன்றைக்கு ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை.

கூடாரங்கள் கழன்றதும் ஒரு நாள், வண்டி நிறையக் கிளுவைத் தடிகள் வந்து இறங்கின. யார் அனுப்பியது என்று கேட்டதற்கு வண்டிக்காரன், "வெள்ளைமணல் கடைக்கார முதலாளி" என்றான். ஓவசியர் அருளம்பலமும் வந்தார். கண்டலுக்குள் கிடந்த பீப்பாக்களை எடுப்பித்து வீதியின் மற்றப் பக்கத்தில் அடுக்கச் சொன்னார். போகும்போது தயங்கி நின்றார்.

"இதை என்ன காணி எண்டு மேல இடத்துக்குச் சொல்லுறது எண்டு எனக்கு இன்னும் தெரியேல்ல, மிஸி. கேட்டால் பாப்பம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்ர மனிசியும் ஒருக்கா வந்து பழகோணும் எண்டு நிக்கிறா."

"வரச் சொல்லுங்கோ ஐயா. புதன்கிழமை நல்லது."

இரண்டு மூன்று வருசம் கழித்து அண்ணன் சின்னராசா திரியாயிலிருந்து வந்தார். அவள் முந்தி ஒவ்வொரு வருசமும் ஊர்ப் பக்கத்துக்கு மாற்றம் கேட்டவள். அது இப்போது கிடைக்கும் போலிருந்தது. சின்னராசா அதோடு ஒரு சம்பந்தமும் கொண்டுவந்திருந்தார்.

"மனிசன் நல்லவர் பிள்ளை. வயல் இருக்கு. நீ இன்னும் எவ்வளவு காலத்துக்கு இஞ்ச தனிச்சு இருக்கப்போறாய்?"

"நான் தனிச்சு இருக்கிறன் எண்டு ஆர் அண்ணை சொன்னது?"

அவள் அவரை வெளிக்குக் கூட்டிப்போனாள். பெண்கள் மட்டும் கூடுகிற நேரம் என்பதால் அவர் வேலிக்கு வீதிப் பக்கமே நின்றார். உள்ளே சிரிப்புச் சத்தமும் சைக்கிள் மணியும் கேட்டன. ஒரு குழந்தை அழுதது. யாரோ அதைத் தாலாட்டினார்கள். சின்னராசா நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், "சரி, நீ உன்ர விருப்பத்துக்குச் செய்" என்று சொல்லிவிட்டுப் பின்னேர பஸ்ஸில் திரும்பினார். அவருக்கு விளங்கியதா இல்லையா என்று புஸ்பராணிக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவள் கொஞ்சம் அழுதாள். எதற்கென்றும் தெரியவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் துறைமுகத்தில் கோதுமை மா அரைக்கும் பெரிய ஆலை ஒன்று எழுந்தது. வீதியால் முன் எப்போதும் கண்டிராத பெரிய லொறிகள் ஓடத் தொடங்கின. அவற்றை நிறுத்த இடம் வேண்டியிருந்தது. அருளம்பலம் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போய்விட்டிருந்தார். புதிய ஓவசியர் இளம் ஆள். பணிவாகவே வந்து, மாத முடிவில் வெளியை எடுத்துவிடுவார்கள் என்று சொன்னார். இந்த முறை மேலிடம் உண்மையாகவே கேட்டிருந்தது. பெண்கள் அதிகாரிகளிடம் போய் முறையிட்டார்கள். ஒருவர் தேநீர் தந்தார், ஒருவர் வேறு இடம் பார்ப்போம் என்றார். பிறகு ஒரு காலை புல்டோசர் வந்து கிளுவை வேலியைச் சுருட்டிக்கொண்டு போனது.

புஸ்பராணிக்கு ஐம்பது வயது. வேலையில் இன்னும் சில வருசம் மிச்சமிருந்தது. டிஸ்பென்சரி ஜன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வெளியில் புழுதி எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கையில், புழுதிக்குள்ளிருந்து சந்திப் பக்கமாக ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். தெரியாத முகம். கரியரில் அரிசிச் சாக்கு. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, பள்ளிக்கூட உடுப்போடு. இருவரும் லொறிகளுக்கு ஓரமாக ஒதுங்கி, மணியை அடித்துக்கொண்டு, வீதியாலேயே போனார்கள். அப்படிப் பெண்கள் போவது எப்போது தொடங்கியது என்று யோசித்தாள். நினைவு வரவில்லை.

வாசலில் மணிச் சத்தம் கேட்டது. ஸல்ஹா. தலை நரைத்து, கண்ணாடி போட்டிருந்தாள். சரீப் இறந்த பிறகு கடையை அவளே நடத்தினாள்.

"என்ன மிஸி, யோசிச்சிட்டு இரிக்கீங்க? வெள்ளைமணலுக்குப் போகணும் எண்டீங்களே."

"வெளி இல்லையே ஸல்ஹா."

"வெளி எதுக்கு? றோட்டு இரிக்கி."

புஸ்பராணி பையைக் கரியரில் கட்டினாள். இருவரும் வீதியில் ஏறினார்கள். பெரிய லொறி ஒன்று பின்னால் வந்து ஹோர்ன் அடித்தது. ஸல்ஹா திரும்பாமலே வலது கையை நீட்டி, முந்திப் போகச் சொல்லிக் காட்டினாள். லொறி வேகத்தைக் குறைத்து, அவர்களைச் சுற்றி, மெதுவாகக் கடந்து போனது. அதன் பின்னால் மாவின் வெள்ளைத் தூள் காற்றில் பறந்து இருவர் மேலும் படிந்தது. வீதி சரிவில் இறங்கியது. மிதிக்கத் தேவையிருக்கவில்லை, சைக்கிள்கள் தாமாகக் கடலை நோக்கி ஓடின.